மூணாம் நம்பர் காத்தாடி

நம்புகிறவன் நம்பட்டும். ஊரார் சொல்கிற பேய்க் கதை எதையும் நான் நம்பினதில்லை. இது என் காதால் கேட்டது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் ஆறு காத்தாடி நிறுத்தியிருந்தார்கள். நான் வாட்ச்மேன். காற்று றெக்கையைத் தள்ளும். தூண் உச்சியில் ஒரு பெரிய பெட்டி. அதற்குள் இருக்கும் பல்சக்கரம் அந்தச் சுற்றை வேகமாக்கி ஜெனரேட்டரைச் சுழற்றும். கரண்ட் கேபிள் வழியாகக் கீழே இறங்கும். அவ்வளவுதான். பெட்டிக்குள் ஆள் வேலை செய்யும்போது பிரேக்கை எடுத்தால் எலும்பு மிஞ்சாது.

அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம். மேலே ஏறுகிறவன் செருப்பைத் தூண் வாசலில் விட்டுப் போவான். செருப்பு கிடந்தால் பிரேக்கில் கை வைக்க மாட்டோம்.

அன்று மூணாம் நம்பரைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் மெக்கானிக் ஏசுதாஸ் மேலே போனான். நான் மற்றதையெல்லாம் சுற்றிவிட்டுப் பொழுது சாயத் திரும்பினேன். கடல் காற்று ஏறியிருந்தது. வாசலில் செருப்பு இல்லை. இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான் போல. காற்று வீணாகிறது, பிரேக்கை எடு என்றார் இன்ஜினீயர் வெங்கடராகவன். ஆள் பத்தாத இடம், பட்டனையும் நான்தான் அமுக்க வேண்டும்.

தூணுக்குள் போனேன். இருட்டு. பட்டனில் விரல் வைத்தேன்.

டங்... டங்... டங்...

ஏணியில் யாரோ இறங்குகிற சத்தம். டார்ச் அடித்தேன். ஏணி காலி. ஆனால் படிகள் நடுங்கின...

சத்தம் என் தலைக்கு மேல் வந்து நின்றது.

கழுத்தில் ஏதோ சொட்டியது. தொட்டேன். கிரீஸ். காலையிலிருந்து ஓடாத மிஷின்...

கிரீஸ் சுட்டது.

"அண்ணாத்த... வுடாத. ஆளு கீது."

ஏசுதாஸ் குரல் இல்லை.

வெளியே ஓடி வந்தேன். மேலே ஆள் இருக்கிறது என்றேன். இன்ஜினீயர் முறைத்தார்.

"செருப்பு எங்கய்யா? குடிச்சிருக்கியா? போய் அமுக்கு. இல்லன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"வரல சார். நீயே அமுக்கிக்க."

அவரும் அமுக்கவில்லை. ஃபிட்டர் சின்னையனை மேலே அனுப்பினார்.

ஏசுதாஸ் பெட்டிக்குள் புழுக்கத்தில் மயங்கிக் கிடந்தான். காலில் புது பூட்ஸ். கம்பெனி அன்றைக்குத்தான் கொடுத்தது. கழற்ற மனசில்லாமல் அதோடேயே ஏறிவிட்டான்.

கயிறு கட்டி இறக்கினோம். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தான்.

"அவன எறக்கிட்டீங்களா?"

எவனை என்று கேட்டேன்.

"எங்கூடவே குந்திகினு இருந்தானே..."

மேலே வேறு யாரும் இல்லை என்று சின்னையன் தலையாட்டினான்.

சில நாள் கழித்துச் சின்னையன் விசாரித்து வந்து சொன்னான். அந்த மிஷின் புதுசில்லை. தெற்கே எங்கோ ஓடினதைக் கழற்றி, பெயின்ட் அடித்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே ஒருத்தன் பெட்டிக்குள் இருக்கும்போதே பிரேக்கை எடுத்துவிட்டார்களாம். பிழைக்கப் போனவன். சொந்த ஊர் நம்ம பக்கத்துக் கருங்குழி.

பாதி உடம்புதான் ஊருக்கு வந்ததாம்.

மீதியைப் பல்சக்கரத்திலிருந்து எடுக்கவே முடியவில்லை.