சங்கு நேரம்

நெல்லித்தோப்பைத் தாண்டி, பழைய மில் இருந்த தெருவில் டீ குடித்தபடி நிற்கிறேன். எதிரே மில்லை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். புகைபோக்கியை மட்டும் அழகுக்காக விட்டுவைத்து, வெள்ளையடித்து, அடியில் குரோட்டன்ஸ் நட்டிருக்கிறார்கள். சேலத்தில் இருக்கும் மனைவியிடம் செல்போனில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திடீரென்று தெருவில் என் குரல் மட்டும் கேட்கிறது. டீக்கடை அக்கா பேச்சைப் பாதியில் விட்டு, வடிகட்டியைப் பிடித்தபடி நிற்கிறார். மீன்காரம்மா வாய் திறக்காமல் விரலால் விலை காட்டுகிறார். எதிர் அடுக்குமாடியின் பால்கனிகளில் பேசிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஏங்க்கா எல்லாரும் நிறுத்திட்டீங்க?" என்கிறேன்.

"மத்தியான ஷிப்டு சங்கு ஊதுற நேரம் சார். அந்தச் சத்தத்துல பேசுனா யாருக்குக் கேக்கும்? முடியட்டும்னு நிப்போம். மில்லு போயி எவ்ளோ வருசமாச்சி, வாய் தானா மூடிக்குது."

"மாடியில இருக்கறவங்க வெளியூராச்சே?"

"அவங்களுந்தான் நிறுத்தறாங்க. ஏன்னு தெரியல." அக்கா டீயை ஆற்றத் தொடங்குகிறார்.

போனைக் காதில் வைக்கிறேன்.

"இப்பதான் நின்னுச்சு," என்கிறாள் மனைவி. "அது என்னங்க, அவ்வளவு பெரிய சங்கு? நீங்க சொன்னது ஒண்ணுமே காதுல விழல. மறுபடி சொல்லுங்க."