குனிந்த பெண்ணின் படம்

வசதியானவர்கள் வாழும் பேர்லேண்ட்ஸில் ஒரு டாக்டர் ஆன்ட்டியின் கொலுவுக்கு ஒரே ஒரு முறைதான் போனேன். ஒல்லியான உடம்பு, காஞ்சிபுரம் பட்டு, உயராத குரல். பாரிஸில் வாங்கி வந்த பழைய பிரெஞ்சு அச்சுப் படங்களைக் கொலுவுக்குப் பக்கத்துச் சுவரில், அவற்றையும் கொலுப்படி போலவே மேலிருந்து கீழாக வரிசையாக மாட்டியிருந்தார். மேலே விசிறியும் பட்டுக் கவுனுமாகச் சீமாட்டிகள். அடியில், வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் ஒரு குடியானவப் பெண். பேசும்போதெல்லாம் முந்தானையால் படங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

என்னோடு வந்த செல்வி ஊரிலிருந்து புதிதாக வந்தவள். அடியில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“எங்கம்மாவும் இப்படித்தான் ஆன்ட்டி, அறுப்பு முடிஞ்ச வயல்ல கதிர் பொறுக்குவாங்க.”

“ஹவ் ஸ்வீட்! எல்லாரும் இங்க வாங்களேன்!” என்று கூப்பிட்டார் ஆன்ட்டி. “செல்வி, படத்துக்குப் பக்கத்துல அதே மாதிரி குனிஞ்சு போஸ் குடும்மா.”

செல்வி சிரித்துக்கொண்டே குனிந்தாள். எல்லோரும் போனைத் தூக்கினார்கள்.

“இன்னும் நல்லா குனி. முகம் தெரிய வேண்டாம், படத்துல அவளுக்கும் தெரியல.”

செல்வி நிமிர்ந்தபோது சிரிப்பு போயிருந்தது. வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள்.

ஆன்ட்டி அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். “இவங்க பட்ட கஷ்டத்த நெனச்சா எனக்கு அழுகையே வந்துடும், தெரியுமா?” என்று என்னிடம் சொல்லி, அதே முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. நடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.