இருபத்திரண்டு வயலின்கள்

1974 பிப்ரவரி 9, சனிக்கிழமை, காலை பத்து இருபது. வெளியே பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, காற்று தனி. ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்திலும் பனி படிந்திருந்தது. கீழ்த்தளத்திலிருந்து வரவேண்டிய வயலின் சத்தம் மூன்றாவது வாரமாக வரவில்லை.

பிரெஞ்சு பேசும் ஊரான லாசாலில் நாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரெயால், கீழே தனியாக வசித்தார்; ஆலைத் தொழிலாளி, மனைவியை இழந்தவர். அவரிடம் கன்ட்ரி எனப்படும் கிராமியப் பாட்டின் பழைய இசைத்தட்டுகள் முப்பத்தொன்று இருந்தன. ஒரு கிட்டார், ஒரு வயலின், மூக்கால் அழுதுகொண்டு பாடும் ஒரு குரல், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் அவற்றோடு சேர்ந்து தானும் வயலின் வாசிப்பார். தஞ்சாவூரில் பதினோரு வருடம் வயலின் கற்றுவிட்டு, இங்கே வந்தபின் பெட்டியைத் திறக்காமலே நான்கு குளிர்காலங்களைக் கழித்த அம்மா, ஒருநாள் தரைவழியே வந்த மெட்டுக்குப் பதில் வாசித்தாள். அடுத்த வாரமே ரெயால் மேலே வந்து அவளைக் கையோடு அழைத்துப் போனார். அவர் நின்றபடி காலால் தாளம் தட்டுவார். அம்மா அவருடைய சமையலறைத் தரையில் சம்மணமிட்டு, வயலினைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வாள். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் அவள் வெளியே போகிற புடவை கட்டினாள்.

அப்பா பொறியாளர். ரெயாலுக்கு நன்றி சொல்ல, புதிதாக வந்த கன்ட்ரி இசைத்தட்டு ஒன்றை வாங்கினார். அட்டையின் பின்புறத்தில் வாசித்தவர்களின் பெயர்களை எண்ணியதில் வயலின் மட்டும் இருபத்திரண்டு. இரட்டை வயலின் வைத்தாலே அது "பெரிய கச்சேரி" என்பது அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணம். கேட்டுப் பார்க்கவில்லை.

ரெயால் அம்மாவின் முன்னால் அந்தத் தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடவிட்டார். வயலின்களெல்லாம் இஸ்திரி போட்ட துணிபோல ஒரே வழவழப்பு. கால் தட்ட இடமில்லை. தன் வாசிப்பு கரடுமுரடு என்று மேல்வீட்டுக்காரர் நாகரிகமாகச் சொல்லிவிட்டார் என எடுத்துக்கொண்டார். இனி நன்றாக வாசிப்பவர்களையே கேட்டுக்கொள்ளலாம் என்று, படியில் பனி அள்ளும்போது என்னிடம் சொன்னார். நான் அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன்.

அந்தக் காலை அம்மா அடுப்பை அணைத்தாள். "இருபத்திரண்டு பேர் வாசிச்சு என்னங்க, ஒருத்தரும் வாசிச்ச மாதிரி இல்ல. கேக்காம வாங்கிட்டேன்னு கீழ போய்ச் சொல்லிட்டு வாங்க."

அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. தெரு ஹாக்கியில் பொறுக்கிய பிரெஞ்சோடு, ஒன்பது வயதில், நான் கூடப் போனேன்.

"எண்ணிப் பாத்துதான் வாங்கினேன், கேட்டுப் பாக்கலைன்னு சொல்லுடா."

சொன்னேன். ரெயால் அட்டையைத் திருப்பிப் பார்த்து, விலை கேட்டார். ஆறு டாலர் நாற்பத்தொன்பது சென்ட். வாய்க்குள்ளேயே வகுத்தார்.

"ஒரு வயலினுக்கு முப்பது சென்ட்கூட விழலையே, மிஸ்யூ. என்னோடது அவ்வளவு மலிவில்ல."

முகம் மாறவே இல்லை. பிறகு கூரையைக் காட்டி, மதாம் என்ன செய்கிறார் என்றார். அம்மா அதற்குள் பெட்டியோடு வெளிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கையுறை போட மறந்திருந்தாள்.

நாங்கள் புரோசார்டுக்குக் குடிபோகும்வரை ஐந்து வருடம் வாசித்தார்கள். இருவருமே இப்போது இல்லை. அந்தச் சமையலறை இருந்த இடத்தில் நான்கு கார்கள் நிற்கின்றன. இசைத்தட்டு மட்டும் எப்படியோ என்னிடம் தங்கிவிட்டது. போன மாதம் மூன்று கடை ஏறி இறங்கி, பிளேயருக்குப் புது ஊசி வாங்கி, முதல்முறையாக முழுவதும் கேட்டேன். வயலின்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுக்கு மேல் காதில் பிரியவில்லை. ஊசி, வரியோடு, அறுபத்தெட்டு டாலர் தொண்ணூற்றேழு சென்ட்.