நடுவே வந்த அடுப்படி

எங்கள் மனைக்கு அகலம் பதினோரு அடிதான். மாமனார் விட்டுப்போன இடத்தை என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் நீளவாக்கில் பிரித்துக்கொண்டதில் ஆளுக்கு ஒரு பட்டை வந்தது. எங்கள் பட்டைக்கு ஒரு பக்கம் கொழுந்தனார் வீட்டுச் சுவர். மறுபக்கம் வேறொருவர் வீட்டுச் சுவர். முன்னால் தெரு. பின்னால் உடைமரங்கள், அதற்கப்பால் கடல்.

வீடு கட்டப்போகிறோம் என்று சொன்னதும் கொழுந்தனார் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"மதினி, ஒங்களுக்கு எதுக்கு வீடு? ரெண்டு பக்கமும் செவரு இருக்கு. மேல ஒரு தளத்தப் போட்டுட்டுக் குடியேறிருங்க."

"ஒங்க செவத்துல ஆணி அடிப்பேன், பரவாயில்லையா?" என்றேன்.

"அடிங்க, அடிங்க. இந்தப் பக்கம் என் சட்டைய மாட்டிக்கிறேன்."

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் தொடங்கியது. ஆனால் எனக்கும் என் மகளுக்கும் அது சிரிப்பு இல்லை. அதுவரை நாங்கள் இருந்தது ஒரே அறை, மேலே தகரம். அதற்குள்ளேதான் சமையல், அதற்குள்ளேதான் படுக்கை, மூலையில் வலைக்கட்டு. மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற வயது. உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் என் பழைய சேலையைக் குறுக்கே கட்டிக்கொள்வாள். படிக்க உட்கார்ந்தால் யாராவது அவளைத் தாண்டித்தான் போவோம். வாய் திறந்து எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. வீட்டுப் பேச்சு எடுத்த அன்று மட்டும் கேட்டாள்.

"அம்மா, எனக்கு ஒரு ரூம் வேணும். சின்னதா இருந்தாலும் போதும். உள்ள தாழ்ப்பா போடணும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. எங்கள் தெரு வீடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் அன்பியம், கோயில் பங்கில் ஒரு ஜெபக்குழு. அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகப் போகும். யார் வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டில் சாயங்காலம் தெருவே கூடி உட்கார்ந்து ஜெபமாலை சொல்வோம். எங்கள் முறை வரும்போதெல்லாம் சுரூபத்தைக் கொழுந்தனார் வீட்டில்தான் இறக்குவார்கள். எங்கள் வீட்டில் அத்தனை பேர் உட்கார முடியாது. நான் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் என் வீட்டு ஜெபத்தைச் சொல்லிவிட்டு வருவேன். கொழுந்தனாரின் மனைவி முகம் சுளித்ததே இல்லை. இருந்தாலும், ஒரு தடவையாவது என் வாசலில் நின்று மாதாவை நானே உள்ளே அழைக்க வேண்டும் என்று நினைப்பேன்.

ஆக, பதினோரு அடிக்குள் அன்பியம் உட்காருகிற ஒரு ஹால், தாழ்ப்பாள் போட்ட ஓர் அறை, ஓர் அடுப்படி. கக்கூசும் குளியலறையும் வாசலில் மாடிப்படிக்குக் கீழே என்று முன்னமே முடிவாகிவிட்டது.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. கடலுக்குப் போகாத என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார், பிடிபடவில்லை. "தாள்ல பாத்தா எனக்கு ஒண்ணும் வெளங்கல. படுத்துப் பாக்கணும், நடந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பழைய வலைக்கயிறு ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். வலை காயப்போடுகிற மணலில் குச்சிகளை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, எங்கள் மனை அளவுக்கே ஒரு வீடு போட்டார். முன்னால் ஹால், நடுவில் மகளுக்கு அறை, கடைசியில் எனக்கு அடுப்படி. அடுப்படி பின்னால் வேண்டும் என்று கேட்டவள் நான்தான். பின்பக்கம் ஒரு சன்னல், அதன் வழியாகக் கடல் காற்று, பின்வாசலில் உட்கார்ந்து மீன் அரிய ஓர் இடம். கல்யாணம் ஆன நாளிலிருந்து தகரத்துக்கு அடியில் வெந்தவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அன்பியத்துப் பெண்களை ஹாலில் உட்காரச் சொன்னேன். மாதா பீடம் இருக்கப்போகிற இடத்தில் ஒரு மிதவையைக் குத்தி வைத்தோம். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் இடம் மிச்சம் இருந்தது. ஓர் ஆடு கயிற்றைத் தாண்டி ஹாலுக்குள் வந்தது.

"கதவத் தட்டிட்டு வா, சனியனே!" என்று கொழுந்தனார் கத்தினார்.

"அது மாமியா வீட்டுலேர்ந்து வந்திருக்கு, காப்பி குடுங்க" என்றாள் அவர் மனைவி.

நான் என் கயிற்று அடுப்படிக்குப் போய் நின்று கையால் கிண்டிக் காட்டினேன். வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த காப்பியை உண்மையாகவே ஊற்றி, சுற்றி வந்து ஹாலில் இருந்தவர்களுக்குக் கொடுத்தேன். மகள் நடு அறைக்குள் போனாள். குனிந்து, இல்லாத கதவைச் சாத்தி, இல்லாத தாழ்ப்பாளைப் போட்டாள். மணலில் மல்லாந்து படுத்துக் கையை இரண்டு பக்கமும் விரித்தாள். கயிற்றில் கை இடிக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பை நான் என் அடுப்படியிலிருந்து பார்த்தேன். மாதாவே, இது போதும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கொத்தனார் நயினார்கோவில் பக்கத்துக்காரர். நல்ல மனுஷர், பொழுது சாயும்வரை பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்வார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று அவர் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தம் சாமியைக் கும்பிட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டு மாதா படம் போட்ட சின்னப் பதக்கம் ஒன்றை மூலைக் குழிக்குள் போட்டேன். "ரெண்டு சாமியும் பாத்துக்கும் தாயி" என்றார். கயிற்று அளவு அப்படியே அஸ்திவாரம் ஆனது. பிறகு சுவர் எழும்பத் தொடங்கியது.

சுவர் இடுப்பளவு வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் கொத்தனார் கூப்பிட்டார். வீட்டுக்காரர் அன்றைக்குக் கடலுக்குப் போகாத நாள். மகள் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தாயி, நடு ரூமுக்கு ரெண்டு நெலை வரும்ல? ஒண்ணுக்கு ஒண்ணு நேரா வச்சிரவா, இல்ல இங்கனயும் அங்கனயுமா தள்ளி வைக்கவா?"

"நடு ரூமுக்கு எதுக்கு ரெண்டு கதவு?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பெறகு அடுப்படிக்கு எங்குட்டுப் போவீக?"

நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே மகளின் அறை. அதற்குப் பின்னால் என் அடுப்படி. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். அப்போதுதான் உறைத்தது. மணலில் நாங்கள் யாருமே மகளின் அறை வழியாக அடுப்படிக்குப் போகவில்லை. வெட்டவெளியில் கயிற்றுக்கு வெளியே சுற்றிச் சுற்றித்தான் போய் வந்தோம். நான் காப்பி கொண்டுவந்ததும் அப்படித்தான். மணலில் பக்கத்து வீட்டுச் சுவர் ஏது? கயிறு கட்டின என் வீட்டுக்காரருக்கும், பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்கும் அது தோன்றவே இல்லை.

"ஊர்ல பாதி வீடு இப்படித்தான் தாயி, ரயில் பொட்டி மாதிரி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய்க்கிற வேண்டியதுதான்" என்றார் கொத்தனார். அவர் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் நினைத்து வேலை செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மகள் வாளியைக் கீழே வைத்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"பரவாயில்லம்மா. தாழ்ப்பா போடாமலே படிச்சுக்கிறேன்" என்றாள். மறுபடியும் வாளியை எடுத்துக்கொண்டு சுவரின் மறுபக்கம் போய்விட்டாள்.

அவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினார். யோசிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். "அறையில ஒரு ஓரமா நடை விட்டா?" என்று அளந்து பார்த்தார். நடை விட்டால் ஒரு கட்டில் போடலாம், மேசை போட முடியாது. மேசை இல்லாமல் அந்த அறை எதற்கு? "ஹாலக் கொறைச்சிட்டா?" என்றார். அஸ்திவாரம் போட்டாயிற்று. குறுக்குச் சுவரை இடித்தாலும் வழி எப்படியும் அவள் அறைக்குள்தான் போகும். நான் பீடத்துக்கென்று விட்டிருந்த மாடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் கொத்தனாருக்கும் எங்களுக்கும் சோறு கொண்டுவந்து மணற்குவியலின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டுக்காரர் எரிச்சலில் பேசிக்கொண்டே சாப்பிட்டார்.

"இந்த அடுப்படி ஒண்ணுதான் எடஞ்சலு. படகுல அடுப்புக்குன்னு தனியா ரூமா கட்டியிருக்கு? படகு ஓட்டுற வீல் ஹவுசுக்குப் பின்னால போற வர்ற வழியிலதான் அடுப்பு. ஒருத்தன் கொழம்பு வப்பான், நாங்க அவன் முதுகுல ஒரசிக்கிட்டே போயிட்டும் வந்துட்டும் இருப்போம். அஞ்சு பேரு சாப்புட்டு முடிச்சிருவோம்."

என் கையில் சோறு அப்படியே நின்றது.

"அப்ப என் முதுகுலயும் ஒரசிக்கிட்டுப் போங்க" என்றேன்.

கொத்தனாருக்குப் புரை ஏறிவிட்டது. வீட்டுக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏய், ஆளுக இருக்காக" என்றார் மெதுவாக.

"நான் வேற ஒண்ணும் சொல்லல. அடுப்படி நடுவுல வரட்டும். ஒரு பக்கச் செவத்துல அடுப்பு மேடை, எதிர்ச் செவத்துல அலமாரி, நடுவுல நடை. பாப்பா ரூம் பின்னால போயிரட்டும். அவ ரூமுக்கு ஒரே கதவு. அதுக்கு அப்பால யாருக்கும் போக வேண்டிய வேலை இல்ல."

ஒரு கல்லைக்கூட இடிக்க வேண்டியதில்லை. சுவரெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே இருக்கிறவர்கள்தான் இடம் மாறினோம்.

"நடுவுல போனா ஒனக்குச் சன்னல் இல்லையே" என்றார் அவர். நான் சன்னலுக்கு ஆசைப்பட்டது அவருக்குத் தெரியும். "மீன எங்கிட்டு அரிவ?"

"வாசல்ல அரிஞ்சுக்கிறேன். தெருக்கதையும் கேட்ட மாதிரி இருக்கும்."

மகள் எழுந்துவிட்டாள். "வேணாம்மா, நீ வேகப்போற" என்றாள். நான் அவளிடம், "நான் தகரத்துக்கு அடியிலயே வேகாம இருந்தவ. சாப்புடு" என்று அதட்டினேன். கொத்தனார் கையைக் கழுவிவிட்டு வந்து, அடுப்புக்கு மேலே தளத்தில் ஒரு திறப்பு விட்டு, மழை விழாமல் சின்னக் கூரை வைத்துத் தருவதாகச் சொன்னார். "பொக மேல போயிரும், வெளிச்சம் கீழ வந்திரும் தாயி. நெலை ரெண்டையும் நேரா வச்சிரவா?" என்று விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கேட்டார்.

"நேராவே வைங்க" என்றேன்.

ஜெபமாலை மாதத்துக்கு முன்னால் பங்குச்சாமியார் வந்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்தார். எங்கள் முறை வந்த அன்று வாசலில் கோலம் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, மாதா சுரூபத்தை நான் என் கையால் வாங்கினேன். கொழுந்தனாரின் மனைவி பக்கத்தில் நின்று என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

மணலில் மிச்சம் இருந்த இடம் வீட்டுக்குள் மிச்சம் இல்லை. கடற்கரையில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு சாய்க்கச் சுவர் கிடையாது, அதனால் நெருங்கி உட்கார்ந்தார்கள். இங்கே எல்லாருக்கும் சுவரோரம்தான் வேண்டியிருந்தது. ஹால் நிறைந்து, அடுப்படி நடையிலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகும் நான்கைந்து பேர் வாசலில் நின்றார்கள். அப்போது மகள் எழுந்து போய்த் தன் அறைக் கதவை அகலத் திறந்து வைத்தாள். "உள்ள வந்து கட்டில்ல உக்காருங்க பெரியம்மா" என்று கூப்பிட்டாள். இரண்டு நிலையும் நேராக இருந்ததால் அவளுடைய கட்டிலிலிருந்து பார்த்தால் பீடம் தெரிந்தது. ஹாலிலும் அடுப்படியிலும் அறையிலுமாக ஒரே குரலில் ஜெபமாலை சொன்னோம். நான் அடுப்பு மேடைக்குக் கீழே முழங்காலில் நின்றேன். பின்பக்கத்துச் சன்னல் காற்று என் மேல் பட்டு, பீடத்து மெழுகுவர்த்தி வரைக்கும் போனது.

இப்போது அவள் நர்சிங் படிக்கிறாள். காலையில் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் வருகிறாள். நான் வாசலில் மீன் அரிகிறேன். தெருப் பூனைகள் எல்லாம் எனக்குச் சொந்தமாகிவிட்டன. வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே, உள்ளே போகும்போதும் வரும்போதும் என் முதுகில் உரசிக்கொண்டுதான் போகிறார். "எடம் பத்தல, என்ன செய்ய" என்பார். இடம் பத்தும். எனக்குத் தெரியும்.

அவள் அறைக் கதவு திறந்திருந்தால் என் அடுப்படி குளுகுளுவென்று இருக்கும். சாயங்காலம் அவள் வந்து, காப்பி குடித்து, முகம் கழுவிவிட்டு உள்ளே போவாள். தாழ்ப்பாள் விழும். அந்த நிமிஷமே காற்று நின்றுவிடும். கழுத்தில் வேர்வை ஊறும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, ஆண்டவருக்கு ஒரு தோத்திரம் சொல்லிவிட்டு, குழம்பைக் கிண்டுகிறேன்.