துளசி மாலையும் பிளாஸ்டிக் டப்பாவும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் எனக்குத் தோல் பார்த்துப் பிரிக்கும் வேலை. கடுகளவு தழும்பு இருந்தாலும் கண்டுபிடித்து ஓரம் தள்ளிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன், என் விரையில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி வளர்ந்ததை மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். இருபத்தாறு வயதில் புற்றுநோய் என்றார்கள். வேலூரில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். இனி பஸ்ஸில் அரை டிக்கெட் போதும் என்று தோஸ்துகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. நான் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு சபரிமலைக்கு மாலை போட வைத்தார். கறுப்பு வேட்டி, பிரம்மச்சரியம், வெறுங்கால். ஷூ கம்பெனிக்காரனுக்கு வெறுங்கால்! அன்றிலிருந்து நான் அம்மாவுக்கு 'சாமி'.

கீமோ தொடங்குவதற்கு முந்தின நாள். சின்ன வயதுப் பெண் டாக்டர் அம்மாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுப் பேசினார். மருந்து ஏறினால் விந்து உற்பத்தி நின்றுபோகலாம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். பின்னால் குழந்தை வேண்டுமென்றால் இன்றே எடுத்து உறைய வைக்க வேண்டும், லேப் நாலு மணிக்கு மூடிவிடும் என்றார். ஆசை குறைந்தாலும் கூச்சப்படாமல் வந்து கேட்கச் சொன்னார். மூடி போட்ட டப்பா ஒன்றைக் கையில் கொடுத்து, அதற்கென்று இருந்த தனி அறையைக் காட்டினார். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

மாலையோடு அந்த அறைக்குள் போக முடியாது. நடுவில் கழற்றுவதென்றால் மலைக்குக் கூட்டிப்போகும் குருசாமி கழற்ற வேண்டும், இல்லையென்றால் பெற்றவள். குருசாமி வாலாஜாபேட்டையில் இருந்தார். பெற்ற அம்மா மருந்துப் பையோடு எதிரே வந்துகொண்டிருந்தார். மணி மூன்று தாண்டிவிட்டது.

"அம்மா, மாலையக் கழட்டு."

"இன்னா பேசற சாமி?"

டெஸ்ட் என்றேன். ரத்தமெல்லாம் மாலையோடுதானே எடுத்தார்கள் என்றார். நடை முழுக்க ஆட்கள். டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் முன்னால் நீட்டினேன்.

"நாளைக்கு மருந்து ஏத்துனா எனக்குக் கொழந்த பொறக்காமப் போய்டலாம்மா. இன்னிக்கே எடுத்து வெக்கணும். இதுல."

அம்மா டப்பாவைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். சாமி குத்தம் என்றால் நடுங்குகிறவர். உதடு மட்டும் அசைந்தது. பிறகு எட்டி மாலையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ போடா."

எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு 'டா'.

உள்ளே பயத்தில் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. கதவை யாரோ தட்டினார்கள். உடனே அம்மா அதட்டும் குரல்: "ஆள் இருக்குது, தட்டாத." இந்தக் காரியத்துக்குப் பெற்றவளைக் காவல் வைத்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லேப் மூடுவதற்குள் ஒருவழியாக டப்பாவை ஜன்னலில் நீட்டிவிட்டேன். லேப்காரர் பார்த்துவிட்டு, எண்ணிக்கை குறைவுதான், ஆனாலும் உறைய வைக்கலாம் என்றார்.

"இன்னா சொன்னாங்க?"

"கம்மியாத்தான் இருக்குதாம்."

"இருக்குதுல்ல?"

"இருக்குதும்மா."

அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"வா, மொதல்ல ஒரு செருப்பு வாங்கலாம்."