ஓடாத வண்டியில் விழுந்தவன்

வேதகிரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. ரோடு ஆபத்தானது என்பது அவன் கருத்து.

வேலை கல்குவாரியில். பாறையில் துளை போடுவான். துளையில் மருந்து வைத்து வெடித்ததும், பாதி பெயர்ந்து தொங்கும் கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ள இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குவான். அதில் பயப்பட ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றியதில்லை. யாராவது பைக்கில் பின்னால் ஏறச் சொன்னால்தான் பயம் வரும். மானாம்பதி கூட்டுரோடு வரை நடந்தே போவான்.

ஆனாலும் அரசு ஆஸ்பத்திரிக் கணக்குப்படி அவன் மூன்று முறை வண்டியிலிருந்து விழுந்திருக்கிறான்.

குவாரியில் அது வழக்கம். குவாரியில் ஒருவனுக்கு அடிபட்டால் போலீஸ் வரும், தாசில்தார் வருவார், கனிமத்துறை ஜீப் வரும், கேட்டுக்குப் பூட்டு விழும். பூட்டு விழுந்தால் எல்லோருக்கும் பட்டினி. வண்டியிலிருந்து விழுந்தால் ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்ப்பதோடு சரி. நாட்டில் தினமும் ஆயிரம் பேர் விழுகிறார்கள். ஆகவே கல் பட்டவன், கயிறு அறுந்தவன், கல் உடைக்கும் கிரஷர் பெல்ட்டில் கை கொடுத்தவன் எல்லோரும் வண்டியிலிருந்துதான் விழுந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முதலாளியுடையது. வாயைத் திறக்காமலிருப்பது விழுந்தவனுடையது.

இதற்கென்றே ஒரு வண்டியும் வைத்திருந்தார்கள். பழைய சிவப்பு பைக். ஆபீஸ் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும். இன்ஜின் கிடையாது, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடிபட்டவனை டிப்பர் லாரியில் ஏற்றி அனுப்பியதும் இரண்டு பேர் அதைத் தூக்கிப்போய் ஏரிக்கரை வளைவில் சாய்த்துப் போடுவார்கள். கேட்க வருகிற போலீஸ்காரர் அதைப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். மறுநாள் வண்டி திரும்பக் கொட்டகைக்கு வந்துவிடும். ஆயுத பூஜை அன்று குவாரி இயந்திரங்களிலேயே பெரிய பூசணிக்காய் அதற்குத்தான். அதிகம் உழைப்பது அதுதான் என்றார்கள்.

வேதகிரி முதல் முறை விழுந்தபோது புருவம் கிழிந்தது. இரண்டாம் முறை இடது காலில் இரண்டு விரல்கள் போயின. மூன்றாம் முறை தோள்பட்டை இறங்கியது. மூன்றையும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. வருடா வருடம் வண்டியிலிருந்து விழுகிறவனை ஊர் ஒரே ஒரு பெயரில்தான் அழைக்கும். சாராய வாசனையே பிடிக்காத வேதகிரி, விசாரிக்கப் போனவர்களிடமெல்லாம் முழுக் குடிகாரனாக இருந்தான். இரண்டு இடம் தட்டிப்போனது.

மூன்றாவது இடம் பரிமளா. பழையசீவரம் பக்கத்தில் வீடு. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கோர்க்கிறாள். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் அவளை அவன் ஒரு முறை பார்த்திருக்கிறான். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அன்றே, இனி வேறு இடம் பார்க்க வேண்டாமென்று அம்மா செல்லம்மாளிடம் சொல்லிவிட்டான்.

அப்பா இல்லாததால் பெரிய மனிதராகக் குவாரி மேஸ்திரி தாண்டவராயன் வந்தார். தன் காரிலேயே இருவரையும் அழைத்து வந்தார். மேஸ்திரியுடையது நிலபுலம் உள்ள குடும்பம். பெண் வீட்டில் கொடுத்த டீயை, சுகர் இருக்கிறது என்று மறுத்தார். கடையிலிருந்து பாட்டில் கலர் வாங்கி வந்ததும் குடித்தார். கலருக்குச் சுகர் ஒன்றும் செய்யாது போல.

பரிமளாவின் அம்மா ஆண்டாளம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"ஏந்தம்பி, மூணு வாட்டி வண்டியிலேர்ந்து வுழுந்துக்கிறியாமே? எங்க அக்கா பொண்ணு பிரபா ஆஸ்பத்திரிலதான் வேல செய்யுது. அது சொல்லிச்சு."

வேதகிரி மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி கலர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நாய்மா. நாய் குறுக்க வந்துச்சு."

"மூணு வாட்டியுமா?"

"மூணு வாட்டியும்தான்."

"ஒரே நாயா?"

மேஸ்திரி யோசித்தார். "ரெண்டு வாட்டி ஒரே நாய். மூணாவது பன்னி."

"எங்க வூட்டுக்காரரும் நாயின்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு," என்றாள் ஆண்டாளம்மாள். "கடைசில பாலாத்துப் பாலத்துலேர்ந்து வண்டியோட வுழுந்து செத்தாரு. அன்னிக்குப் பாலத்துல ஒரு நாயும் இல்ல. போலீஸே சொல்லிச்சு."

செல்லம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"இன்னொரு குடிகாரனுக்கு சோறு போட என்னால ஆவாது. மன்னிச்சுக்கோங்க. கேசரி சாப்ட்டுப் போங்க."

அப்போது பரிமளா வாசலிலிருந்து கூப்பிட்டாள். தன் ஸ்கூட்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

"இவரு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும்மா. காலங்காத்தால குடிச்சிருக்க மாட்டாரு இல்ல? நல்லா ஓட்னா நாய் மேல தப்புன்னு வெச்சுக்கலாம்."

வேதகிரி ஸ்கூட்டியையே பார்த்தான். ஓட்டத் தெரியாது என்று சொன்னால், பிறகு எப்படி விழுந்தாய் என்பார்கள். மேஸ்திரிக்கும் அது புரிந்தது.

"ஓட்டுடா. இன்னா பாத்துக்கினு கீற?"

ஓட்டினான். ஸ்கூட்டி உறுமியது, கைப்பம்பைத் தாண்டியது, பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டகையின் படலை இடித்துக்கொண்டு உள்ளே போனது. ஆடுகள் வெளியே வந்தன. கொஞ்சம் கழித்து வேதகிரியும் வந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக வண்டியிலிருந்து விழுந்திருந்தான். முழங்கையில் சிராய்ப்பு. இதுவரை பட்டதிலேயே சின்ன காயம் இதுதான்.

ஆண்டாளம்மாள் நேராக அவன் முகத்துக்கெதிரே வந்து நின்றாள். "ஊது."

ஊதினான்.

"பூண்டுதான் வாசன வருது," என்றாள், ஏமாந்தவள் போல.

பரிமளா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு காலயும் தரையில தேச்சிக்கினே போறாரும்மா. பிரேக்கு எங்க கீதுன்னே தெரியல. ஜென்மத்துல வண்டில ஏறல இவரு. ஏறாதவரு எப்டி வுழுவாரு?" சிரிப்பு அடங்கியதும் அவனைப் பார்த்தாள். "நெஜமா எங்க அடிபட்டுது?"

"டேய் நைனா," என்றார் மேஸ்திரி மெதுவாக. "யோசிச்சுப் பேசு."

வேதகிரி யோசித்தான். வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் போவாள். வேலை வேறு கிடைக்கலாம்.

"குவாரியிலதான். புருவம் கல்லு தெறிச்சது. கால்ல பாறை உருண்டுச்சு. அப்பறம் கயிறு அறுந்துச்சு, மேலேர்ந்து வுழுந்தேன், மேல கல்லும் வுழுந்துச்சு. நாயுமில்ல, பன்னியுமில்ல."

மேஸ்திரி வேட்டியை உதறிக் கட்டினார். "நாளைலேர்ந்து வராத. உன்னால நாப்பது குடும்பம் தெருவுக்கு வந்தா உன் பேரச் சொல்லித்தான் கும்பிடுவானுங்க." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேதகிரியும் அம்மாவும் வந்ததும் அதே காரில்தான் என்பது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை, அல்லது வந்தது.

சாயங்காலம்தான் பஸ். ஆண்டாளம்மாள் மறுபடி உலை வைத்தாள்.

"எங்க கம்பெனில கையில கம்பி குத்துனாக்கூட எழுதிக்குவாங்க," என்றாள் பரிமளா ஆட்டுப் படலைச் சரி செய்துகொண்டே.

"எழுதிக்கினு இன்னா பண்ணுவாங்க?"

"ரெண்டு வாட்டி எழுதுனா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. நாங்கல்லாம் குத்துனா ரத்தத்த சப்பிடுவோம்."

முதல் முறையாக வேதகிரி சிரித்தான்.

சோறு போடும்போது ஆண்டாளம்மாள் தன் கணக்கைச் சொன்னாள். "நீ குடிகாரன் இல்ல, நான் நம்பறேன். ஆனா பத்திரிக மொதல்ல பிரபா வூட்லதான் வெக்கணும். குடிகார மாப்ளையான்னு அவ கேட்டா எங்க சாதிசனம் பூரா கேக்கும். நீ போயி அவகிட்ட சொல்லு. ஆஸ்பத்திரில எல்லார் எதிர்லயும் சொல்லு. காதுல ரகசியம் பேசற கதையெல்லாம் வாணாம். அப்பறம் அவ எனக்கு போன் போட்டு சொல்லட்டும்."

இங்கே சொன்னதற்கு வேலைதான் போனது. அங்கே சொன்னால் ஊரில் நடமாட முடியாது. குவாரி ஆள் ஒருவனாவது எப்போதும் அங்கே கட்டோடு உட்கார்ந்திருப்பான்.

திங்கட்கிழமை போனான். பிரபா அவசரப் பிரிவு வாசலில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, மறுபடி வண்டியா?" முழங்கையைப் பார்த்துக் கேட்டாள்.

"இது வண்டிதான். மின்ன பட்டதுல்லாம் வண்டி இல்ல."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"கல்லுன்னு. வண்டிலேர்ந்து வுழுந்தவன் தலையில இத்தினி கல்லுமாவு எங்கேர்ந்து வரும்? நாந்தான கூட்றேன். நர்ஸம்மாவுக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும்."

"அப்பறம் ஏன் என்ன குடிகாரன்னு சொன்ன?"

பிரபா தரை துடைக்கும் கட்டையில் சாய்ந்துகொண்டாள். "சின்னம்மா கேட்டாங்க. வண்டின்னுதான் எழுதிக்கீது. குடிக்காதவன் வருஷா வருஷம் எப்டி வுழுவான்? குடின்னு சேத்தாதான் பொருந்துச்சு. நீயும் இல்லேன்னு சொல்லல."

அவன் இல்லையென்று சொன்னதில்லை. அது உண்மை.

"இப்ப சொல்றேன்," என்றான். குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. குவாரியில் கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். "குவாரில கல்லு வுழுந்துதான் எனக்கு அடிபட்டுச்சு. மூணு வாட்டியும். நான் குடிக்கல."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கையில் கட்டுடன் இருந்த குவாரி ஆள் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். நர்ஸ் எட்டிப் பார்த்து, "இங்க கத்தக் கூடாது," என்றாள். கல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பிரபா போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சின்னம்மா, வந்து சொல்லிட்டாரு. எல்லார் எதிர்லயும்தான். கல்லுதானாம்."

போனில் மிக்சி ஓடும் சத்தம். அது நின்றது.

"எம்மாம் பெரிய கல்லு?"

வேதகிரி கைகளை விரித்தான். பிரபா பார்த்துச் சொன்னாள். "தோள் மேல வுழுந்தது ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருக்கும்."

"அது மேல வுழுந்தும் எழுந்து நிக்கறானா?"

"என் எதிர்லதான் நிக்கறாரு."

பின்னாலிருந்து பரிமளா ஏதோ சொன்னது கேட்டது.

"சரி, தை மாசம் வெச்சுக்கலாம். அதுக்குள்ள ஒரு வேல தேடிக்கச் சொல்லு," என்றாள் ஆண்டாளம்மாள். "மலை இல்லாத ஊராப் பாத்து."