நாலு கிலோ நீதிபதி

வீட்டைப் பூட்டியதும் நகல் அக்கா அதைத் திறந்து, மறுபடி பூட்டுவார். "பூட்டினது பெரிசில்ல. திறக்குதான்னு பாக்கணும்" என்பார். அதற்குள் கணவர் வண்டியை இரண்டு தரம் கிளப்பி அணைத்திருப்பார்.

எங்கள் கால்நடை மருத்துவமனைக் கணினிகளும் அவற்றிலுள்ள பதினோராயிரம் பிராணிகளின் விவரங்களும் அவர் பொறுப்பு. எதையும் நகலெடுத்து வைப்பதால் அந்தப் பெயர்.

போன செவ்வாய்க்கிழமை காலை, புதிய மென்பொருளை ஏற்றும்போது சர்வர் பாதியில் படுத்துவிட்டது. எழுந்தபோது பதிவுகளில் பிராணிகளெல்லாம் உரிமையாளர்களாகவும், உரிமையாளர்கள் பிராணிகளாகவும் மாறியிருந்தார்கள். குறுஞ்செய்திகளும் தாமாகவே போய்விட்டன. பத்து மணிக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்து நின்றார்.

"எனக்கு நகம் வெட்டணும்னு வந்திருக்கு. பூனைகிட்ட சம்மதம் வாங்கணுமாம்."

நகல் அக்கா சிரிக்கவில்லை. "உக்காருங்க சார். இப்போதைக்கு நீங்க நாலு கிலோ. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

நிஜமான சிக்கல் என் அறுவை மேசையில் கிடந்தது. காலுறையை விழுங்கிய நாய். ஒரு மயக்க மருந்து அதற்கு ஆகாது. எது என்று, நாயை முன்பு பார்த்துவந்த பழைய டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் அதைக் காலையில் கணினியில் பதிந்து முடித்ததும், கடிதத்தை நாய் தின்றுவிட்டது. "நீளமான பேரு டாக்டர்" என்பதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. உரிமையாளருக்கு அதுவும் தெரியவில்லை. பழைய டாக்டர் போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாய் தாங்காது.

முந்தைய நாள் நகலைப் புதிய மென்பொருள் படிக்க மறுத்தது. நகல் அக்கா ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி, பழைய மென்பொருளிலேயே அதைத் திறந்தார். அதில் அன்று காலைப் பதிவுகள் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வர் தனியாகக் குறித்துவைக்கும். அந்தக் குறிப்புகளை, சர்வர் விழுவதற்கு முந்தைய நிமிடம்வரை, வரிசையாக நகலின்மேல் ஓட்டினார்.

"சீக்கிரம்" என்றேன்.

"ஒரு வரி தப்பினா நீதிபதி மறுபடி பூனையாயிடுவாரு. சும்மா இருங்க டாக்டர்."

நாற்பதாவது நிமிடம் பெயர் வந்தது. வேறு வழியில்லாவிட்டால் போடுவதென்று நான் சிரிஞ்சில் ஏற்றி வைத்திருந்த அதே மருந்து. கொட்டிவிட்டு வேறு எடுத்தேன்.

சாயங்காலம் நீதிபதி மனிதரானார். காலுறை வெளியே வந்திருந்தது. கூண்டில் நாய் தூங்கியது. நகல் அக்கா நாயின் பதிவை அச்சிட்ட தாளோடு வந்தார்.

"இடது காதுக்குள்ள மச்சம்னு போட்டிருக்கு."

"நாயே பொழச்சிடுச்சு, இன்னும் என்ன பாக்கணும்?" என்றேன்.

அவர் குனிந்து காதைத் தூக்கிப் பார்த்தார். மச்சம் இருந்தது. பிறகு, காதை இருந்த மடிப்பிலேயே மெதுவாக மடித்து வைத்தார்.